புதுப்பிப்பு: மாலத்தீவு ரிசார்ட் பில், பழைய கணக்கில் ஒரு திருத்தம்

மாலத்தீவு ரிசார்ட்டுகளின் மறைமுகக் கட்டணம் பற்றிய முந்தைய இழையில் ஜிஎஸ்டியை 16% என்று போட்டிருந்தேன். 2025 ஜூலை 1 முதல் அது 17%.

விலைக்குப் பக்கத்தில் '++' இருந்தால் 10% சேவைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் இன்னும் சேரவில்லை என்று பொருள். பலர் 27% கூட்டிக்கொள்கிறார்கள், அங்கேதான் இடிக்கும். சேவைக் கட்டணத்தின் மேலும் ஜிஎஸ்டி உண்டு: 200 டாலர் அறை முதலில் 220, பிறகு 257.40. அதாவது 28.7%. சாப்பாட்டு பில்லிலும் இதே கதைதான்.

பசுமை வரி தனி. ரிசார்ட்டில் தலைக்கு, நாளொன்றுக்கு 12 டாலர். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கிடையாது.

மாலேயிலிருந்து ரிசார்ட்டுக்குக் கொண்டுபோகும் கடல் விமானத்தின் கட்டணம் போகவரவா, வரி சேர்த்தா என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். அது பகலில்தான் பறக்கும். இருட்டியபின் மாலேயில் இறங்கினால் அங்கே ஓர் இரவு அறை வாடகையும் உங்கள் தலையில்தான்.