பிராங்கன்ஸ்டைன்: அந்தப் படைப்பைக் கொலைகாரன் ஆக்கியது யார்?

கேள்வி:
மேரி ஷெல்லியின் 1818 நாவலை இப்போதுதான் முடித்தேன். விக்டர் பிராங்கன்ஸ்டைன் ஒரு கோர உருவத்துக்கு உயிர் கொடுத்துக் கைவிட்டுவிடுகிறான்; அதுதான் அந்தப் படைப்பு. டி லேசி வீட்டுக் காட்சி மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. கண் தெரியாத பெரியவர் அந்தப் படைப்பிடம் எவ்வளவு கனிவாகப் பேசுகிறார்! மகன் ஃபெலிக்ஸ் உள்ளே வந்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் தடியால் அடிக்கிறான். இரவில் அவர்களுக்கு விறகு சேர்த்துப் போட்டது அந்தப் படைப்பின் கைகள்தான். எல்லாம் கெட்டது இந்த அடியால்தான் என்கிறேன். நீங்கள்?

பதில் 1:
அடி மட்டுமா? பிறகு ஆற்றில் விழுந்த பெண்ணைக் காப்பாற்றியதற்குத் துப்பாக்கிக் குண்டு கிடைக்கிறது. ஆனாலும் விக்டரின் தம்பி, சின்னப் பையன் வில்லியத்தை அந்தப் படைப்பு கொன்றதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பதில் 2:
அந்தக் கொலைப்பழி விழுந்த வீட்டுப் பணிப்பெண் ஜஸ்டினை யாருமே சொல்லவில்லையே! அவள் சட்டைப்பையில் வில்லியம் அணிந்திருந்த ஒரு சின்ன ஓவியம் கிடைத்தது, அவ்வளவுதான், ஊரே முடிவு கட்டிவிட்டது. பாவமன்னிப்புக்கு வந்த பாதிரியார் மிரட்டி மிரட்டியே செய்யாத கொலையை ஒப்புக்கொள்ள வைக்கிறார். விக்டருக்கு உண்மை தெரியும். தன்னைப் பைத்தியம் என்பார்களே என்று வாயைத் திறக்கவில்லை. எனக்கு அதுதான் ஆறவே இல்லை.

கேள்வி கேட்டவர்:
ஆமாம். விக்டரை மணக்கவிருந்த எலிசபெத் அவளுக்காக நீதிமன்றத்தில் பேசியபோதுகூட, 'இவ்வளவு நல்லவளுக்கா துரோகம் செய்தாய்' என்று கூட்டத்தின் கோபம் ஜஸ்டின் மேல்தான் இன்னும் ஏறியது.