வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்காகப் பகுதி சபையில் என்ன கேட்கலாம்?

கேள்வி: துறைமுகத்தான், தண்டையார்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வார்டில் அடுத்த மாதம் பகுதி சபைக் கூட்டம், அதாவது மக்கள் தங்கள் குறைகளை நேரில் சொல்லும் வார்டு கூட்டம், நடக்கவிருக்கிறது. குடிநீர், கழிவுநீர் அடைப்பு, தெருவிளக்கு என்று வழக்கமாகக் கொடுக்கும் மனுக்களோடு, வீட்டில் படுக்கையாகக் கிடப்பவர்களையும் நினைவு தப்பிய முதியவர்களையும் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்காக இந்த முறை ஒரு மனு கொடுக்கலாம் என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு வந்தது. எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

என் நிலைமையைச் சொன்னால் கேள்வி தெளிவாகும். என் தாயாருக்கு 78 வயது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. நாங்கள் இருப்பது வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் ஆட்டோ நிறுத்தத்திலிருந்து நான்கு பையன்கள் வந்து பிளாஸ்டிக் நாற்காலியோடு அம்மாவைத் தூக்கி இறக்குவார்கள். நான் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறேன். ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும்போது அம்மா உடம்பு துடைத்து, தலை வாரி, பவுடர் பூசிப் படுத்திருப்பார். அதைப் பார்த்துவிட்டு, "அம்மா நன்றாக இருக்கிறார்" என்று நான்கு ஆண்டுகளாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பவுடருக்குப் பின்னால் என் மனைவியின் ஒரு முழு நாள் இருக்கிறது என்பது, அவளுக்கே கர்ப்பப்பையில் கட்டி என்று அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தேதி இரண்டு முறை தள்ளிப்போயிற்று. தள்ளிவைத்தது மருத்துவமனை அன்று, நாங்கள்தான். அவள் படுத்துவிட்டால் அம்மாவைப் பார்க்க ஆள் இல்லை.

பராமரிப்பாளருக்கு மாதாந்திர உதவித்தொகை, வார்டுக்கு ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையம் ஆகிய இரண்டையும் கேட்கலாம் என்று நினைக்கிறேன். இவை ஒரு வார்டு கூட்டத்தில் கேட்கக்கூடியவைதானா, வேறு எதைக் கேட்பது பயன் தரும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற செவிலியர், ராயபுரம்

தம்பி, உங்கள் மனைவியின் சிகிச்சையை மூன்றாவது முறை தள்ளிவைக்காதீர்கள். மனு பிறகு.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுப்பதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்பு ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கும். உங்கள் தாயாரின் பெயர் அதில் இல்லையென்றால் உங்கள் பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே பதிவு செய்யுங்கள். இயன்முறைச் சிகிச்சையாளர் வரும் நாளில் நீங்களும் வீட்டில் இருந்து, ஆளைப் புரட்டும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். கையைப் பிடித்து இழுப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். செயலிழந்த பக்கத்துத் தோள்பட்டை அப்படித்தான் நழுவுகிறது. விரிப்பை நான்காக மடித்து முதுகுக்கும் இடுப்புக்கும் அடியில் கொடுத்து, விரிப்பைப் பிடித்துப் புரட்ட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைத்து, குதிகால், இடுப்பெலும்பு, வால் எலும்பு ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபிறகும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால், படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இனி மனுவுக்கு வருகிறேன். நான் பணியில் இருந்த காலத்தில் வீடு வீடாகப் போய் நோயாளிக்கு அழுத்தம் பார்த்திருக்கிறேன்; பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு நிற்கும் மருமகளுக்கோ மகளுக்கோ பார்த்ததில்லை. பதிவேட்டில் அவர்களுக்கு ஒரு கட்டம்கூட இல்லை என்பது ஒரு காரணம். எனக்கே தோன்றவில்லை என்பதும் உண்மை. ஒரு நாள், கட்டிலோரம் நின்றிருந்த ஒரு பெண்ணின் இரண்டு மணிக்கட்டிலும் பழைய புடைவைக் கிழிசல் சுற்றியிருந்ததைப் பார்த்துக் கேட்டேன். மாமனாரைத் தூக்கித் தூக்கி நரம்பு வலி; எட்டு மாதமாக இருக்கிறது என்றாள். எட்டு மாதமாக நானும் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஆகவே, நோயாளியைப் பார்க்க வரும் அதே வருகையில் பராமரிப்பவருக்கும் அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வேண்டும், அவர் பெயரையும் பதிவு செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். இதற்குப் புதுக் கட்டடமோ பெரிய நிதியோ வேண்டாம். காற்று மெத்தை, சக்கர நாற்காலி, கமோடு நாற்காலி ஆகியவற்றைச் சுகாதார நிலையத்திலிருந்து இரவல் தரும் ஏற்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோயாளி இறந்தபின் எத்தனை வீடுகளின் பரணில் இவை கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

பதில் 2: வியாசர்பாடி அப்பா

என் மகனுக்கு 19 வயது. பிறவியிலேயே பெருமூளை வாதம். மனு எழுதிப் பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: கருணை கேட்டு எழுதாதீர்கள், சட்டப் பிரிவைப் போட்டு எழுதுங்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. அதன் 24ஆம் பிரிவு, உயர் ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி என்பதைச் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றாகவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் அதே பிரிவு, அரசு தன் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு இவற்றைச் செய்ய வேண்டும் என்றுதான் தொடங்குகிறது. கேட்கும் இடத்தில் எல்லாம் நமக்கு நீட்டப்படுவது அந்த ஒரு வரிதான். கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் என்ற திட்டத்தில், படுக்கையில் இருப்பவரை முழு நேரமும் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று வகுத்திருக்கிறார்கள். தொகை சிறியதுதான், ஆனால் பணம் நோயாளியின் பெயரில் அன்றிப் பராமரிப்பவரின் பெயரில் வருகிறது என்பது சிறிய விஷயம் அன்று. உதவித்தொகையை வார்டு கூட்டம் தந்துவிட முடியாது. அங்கே தீர்மானமாக நிறைவேற்றி மாநில அரசுக்கு அனுப்பச் சொல்லலாம்.

இதைவிட உடனடியாகப் பலன் தரக்கூடியது, வார்டு அளவில் யாராவது நமக்காகக் காகித வேலையைப் பார்த்துத் தருவது. மகனுக்கு 18 வயது முடிந்ததும், வங்கிக் கணக்கில் நான் கையெழுத்திடச் சட்டப்படியான பாதுகாவலர் ஆணை வேண்டும் என்றார்கள். அது வரை எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும், அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறலாம் என்பதையும், எங்களைப் போலவே பிள்ளை வைத்திருக்கும் இன்னொரு தந்தை பேருந்து நிறுத்தத்தில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மாற்றுத்திறனாளிகளுக்கு ஓரிடத்திலேயே சிகிச்சையும் வழிகாட்டலும் தரும் விழுதுகள் மையம் முதலில் சோழிங்கநல்லூரில்தான் திறக்கப்பட்டது. நகரத்தின் தென்கோடி அது. வியாசர்பாடியிலிருந்து, கழுத்து நிற்காத பிள்ளையோடு அங்கே போய்வர ஒரு நாள் ஆகிவிடும்.

இன்னொன்று. சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் மகனைப் பயிற்சி மையத்தில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பும்போது நான் துணை அல்லன், பயணி. டிக்கெட் எடுக்க வேண்டும். மாலையில் அழைத்துவரப் போகும்போதும் அப்படியே. சிறு விஷயம் என்பீர்கள், மாதக் கடைசியில் அப்படித் தோன்றாது.

பதில் 3: பெரம்பூர்க்காரி

மேலே எழுதிய இருவரிடமும் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இரண்டு இடங்களில் உடன்பட முடியவில்லை.

என் அண்ணனுக்கு 22 ஆண்டுகளாக மனச்சிதைவு நோய். பெற்றோர் காலமானபின் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதற்காக ஆயத்த ஆடை நிறுவன வேலையை விட்டேன். செவிலியர் அம்மா பதிவேடு வேண்டும் என்கிறார். யார் கையில் அந்தப் பதிவேடு இருக்கும்? எங்கள் பழைய வீட்டில், வாசலில் நின்று ஒருவர் சத்தமாக "மனநோயாளி இருக்கும் வீடு இதுதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார், அடுத்த மாதமே வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். பக்கவாதம் வந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு வருவார்கள். எங்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794இல் தொடங்கிய பழைமையுடையது. அங்கே சிகிச்சை இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் பேசலாம். நானே நள்ளிரவில் பேசி அழுதிருக்கிறேன், பொறுமையாகக் கேட்டார்கள். ஆனால் மருத்துவமனைக்கும் தொலைபேசிக்கும் நடுவில் இருக்கும் எல்லா நாள்களும் என்னுடையவை. பெயர்ப் பதிவு விரும்பியவர்களுக்கு மட்டும் என்றும், விவரம் சுகாதார நிலையத்தைத் தாண்டக் கூடாது என்றும் மனுவில் எழுதுங்கள்.

இரண்டாவது, கேள்வியிலேயே இருக்கும் பகல்நேர மையம். முதியோர்களுக்காக அன்புச்சோலை என்ற பகல்நேர மையங்களை 2025-26 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது; நடமாட முடிந்தவர்களுக்கு அது நல்லதுதான். மூன்றாம் மாடியிலிருந்து நாற்காலியில் இறக்க வேண்டிய அம்மாவை மையத்துக்கு யார் கொண்டுபோவது? என் அண்ணன் புது இடம் என்றாலே வாசலைத் தாண்ட மாட்டார். எங்களைப் போன்றவர்களுக்கு வேண்டியது, வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கக்கூடிய, பயிற்சி பெற்ற, நம்பத்தகுந்த ஓர் ஆள். நம் பகுதியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவற்றிலிருந்து விருப்பமுள்ள பெண்களுக்குச் சுகாதார நிலையத்தில் பயிற்சி கொடுத்து, மணிக்கணக்கில் கூலி கொடுத்து அனுப்பினால், அவர்களுக்கும் வருமானம். அந்த வேலையையும் இலவசச் சேவை என்று பெயர் சூட்டிப் பெண்கள் தலையில் கட்டிவிடக் கூடாது. 2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டாரைக் கவனித்துக்கொள்ளும் சம்பளமில்லா வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 134 நிமிடமும், ஈடுபடும் ஆண்கள் 76 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்று வந்தது. அந்த 134 நிமிடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எனக்கு அந்த நேரம் காலை காபியோடு முடிந்துவிடும்.

மனச்சிதைவை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தண்டையார்பேட்டை அண்ணனின் தாயாருக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

பதில் 4: எர்ணாவூர் இளவல்

பதிவேடு பற்றி அக்கா சொல்வது நியாயம். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்கள் தெருவில் எண்ணெய் கலந்த வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. படகில் வந்தவர்களுக்கு எந்த வீட்டில் எழுந்து நடக்க முடியாதவர் இருக்கிறார் என்று தெரியவில்லை. எங்கள் தாத்தாவை மேசை மீது மேசை போட்டுப் படுக்கவைத்திருந்தோம். பாட்டி இரவெல்லாம் அவர் காலைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றார். நோயின் பெயர் வேண்டாம். "தூக்கிச் செல்ல ஆள் தேவை" என்ற ஒரு குறிப்போடு கதவு எண் மட்டும் மழைக்காலத்துக்கு முன் எடுத்து வைத்தால் போதும்.

கேள்வி கேட்டவரின் பதில்: துறைமுகத்தான், தண்டையார்பேட்டை

நால்வருக்கும் நன்றி. நேற்று இரவு எல்லாவற்றையும் என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். விரிப்பை வைத்துப் புரட்டும் முறையை இருவரும் செய்து பார்த்தோம். முதல் முறை அம்மா பயந்து கத்திவிட்டார், இரண்டாம் முறை சரியாக வந்தது.

மனுவின் தலைப்பாகப் பகல்நேர மையத்தை வைக்கப் போவதில்லை. வீட்டுக்கு வந்து இருக்கக்கூடிய ஆள் என்பதையே முதலில் வைத்து, அதற்குக் கூலி உண்டு என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். நோயாளியைப் பார்க்க வரும்போது பராமரிப்பவரையும் பார்ப்பது, இரவல் பொருள்கள், வாரத்தில் ஒரு நாள் வார்டு அலுவலகத்தில் காகித உதவி, மழைக்கால முன்குறிப்பு ஆகியவை அடுத்து வரும். உதவித்தொகை சட்டப் பிரிவோடு தீர்மானமாகப் போகும். பெயர்ப் பதிவு விருப்பத்தின் பேரில் மட்டுமே என்பதைத் தடித்த எழுத்தில் போடுகிறேன், சகோதரி. பேருந்துக் கட்டணத்தையும் தீர்மானத்தில் சேர்க்கிறேன், ஐயா. அது மாநகராட்சியின் கையில் இல்லை என்றாலும்.

ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை. என் மனைவிதான் கேட்டாள். கூட்டம் காலை 11 மணிக்கு வைத்தால், வீட்டில் நோயாளியை வைத்திருக்கும் எவர் அங்கே வர முடியும்? மாலைக்கு மாற்றச் சொல்லி வார்டு உறுப்பினரிடம் கேட்டிருக்கிறேன். மாற்றாவிட்டாலும் பேசப் போவது நான் இல்லை, அவள்தான். அன்று நான் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு வீட்டில் இருப்பேன். அவளுடைய அறுவை சிகிச்சைக்கான தேதி அதற்கு ஒன்பது நாள் கழித்து. அதற்கும் சேர்த்தே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.