பழைய குடும்பப் படங்கள்: 600 டிபிஐ போதுமா, 2400 வேண்டுமா?

நெய்தல்:
பாட்டி வீட்டு இரும்புப் பெட்டியிலிருந்து ஏறத்தாழ 800 படங்கள் என் பொறுப்புக்கு வந்திருக்கின்றன. பெரும்பாலானவை 1980-களில் லேபில் போட்ட 4×6 அங்குல வண்ணப் படங்கள். நாற்பது ஐம்பது மட்டும் உள்ளங்கையில் அடங்கும் சிறிய கறுப்பு வெள்ளைப் படங்கள். என் ஸ்கேனரில் 75 முதல் 4800 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) வரை தேர்வு இருக்கிறது. மூன்று மாதத்தில் பெட்டியைச் சித்தப்பாவிடம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்பதால், இரண்டாம் முறை ஸ்கேன் செய்யும் வாய்ப்பு எனக்குக் கிடைக்காது. எதை வைத்து முடிவு செய்வது?

காப்பாளன்:
இரண்டாம் வாய்ப்பு இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டபின் தயங்க இடமில்லை. 2400 டிபிஐ-க்குக் குறையாமல் எடுங்கள். பெரிய கோப்பை எப்போது வேண்டுமானாலும் சிறிதாக்கிக்கொள்ளலாம். சிறிய கோப்பில் பதியாமல் போனதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இருந்திருக்கக்கூடும் என்று ஊகித்து வரைந்து காட்டத்தான் முடியும். மேலும், அக்காலத்து வண்ணப் படங்கள் பலவற்றில் சியான் என்னும் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் மங்கிவிடுகிறது. அவை இன்று செம்மை ஏறித் தெரிவதற்கு அதுவே காரணம். பத்தாண்டு கழித்து அந்தப் படம் இப்போதிருக்கும் நிலையில்கூட இருக்காது என்னும்போது, ஹார்டு டிஸ்க்கின் விலையைப் பார்த்துக் கணக்கிடுவது சரியல்ல.

வெள்ளித்துகள்:
படம் மங்குகிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் அதற்கு மருந்து டிபிஐ அன்று. மங்கிய சாயத்தை மீட்கும்போது, குறுகிக் கிடக்கும் நிற வேறுபாட்டை நாம் இழுத்து விரிக்கிறோம். நிறத்துக்கு 8 பிட் என்று எடுத்திருந்தால் 256 படிநிலைகளில் மிகச் சிலவே மிஞ்சி, வானமும் முகமும் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். ஆகவே நிறத்துக்கு 16 பிட், அதாவது ஸ்கேனர் மென்பொருளில் மூன்று நிறங்களுக்கும் சேர்த்து 48 பிட் வண்ணம் என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து, தகவலை இழந்து சுருக்கும் ஜேபெக்காக அல்லாமல், எதையும் இழக்காத டிஃப் கோப்பாகச் சேமிப்பதுதான் மங்கலுக்கு எதிரான காப்பு.

பிரிதிறனுக்கு வருவோம். 300 டிபிஐ என்பது மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 12 பிக்சல். கையில் பிடித்துப் பார்க்கும் தொலைவில் கண்ணால் பிரித்தறிய முடிவதன் எல்லையும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. லேபில் பெரிதாக்கிப் போட்ட பிரிண்ட் அந்தக் கண்ணுக்காகச் செய்யப்பட்டது. அதை 600-இல் எடுத்தால் 2400×3600 பிக்சல் கிடைக்கும், 8×12 அங்குலத்துக்குப் பெரிதாக்கினாலும் குறைவராது. அதற்கு மேல் ஸ்கேனரின் கண்ணில் படுவது பெரும்பாலும் தாளின் சொரசொரப்பும் தூசியும்தான்.

செலவையும் பாருங்கள். 48 பிட்டில் 600 டிபிஐ என்றால் ஒரு படத்துக்குச் சுமார் 52 எம்பி, 800 படங்களுக்கு 42 ஜிபிக்குள் அடங்கும். 2400 என்றால் ஒரு படம் மட்டும் 830 எம்பி, மொத்தம் 660 ஜிபியைத் தாண்டும். டிஸ்க் வாங்கிவிடலாம், மூன்று மாதத்தை நீட்ட முடியாது. பாதிப் பெட்டி ஸ்கேன் ஆகாமலே திரும்பிப் போய்விடுமோ என்பதுதான் என் அச்சம்.

காப்பாளன்:
48 பிட் பற்றிச் சொன்னது சரி. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். லேப் பிரிண்டுகளுக்கு 600 என்பதையும், அந்தக் காலக்கெடுவை எண்ணி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சிறிய கறுப்பு வெள்ளைப் படங்களை அதே கணக்கில் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியாது. அக்ஃபா கிளிக் 3 போன்ற கேமராக்களில் 120 சுருள் போட்டு எடுத்த படங்களைப் பல ஸ்டூடியோக்களில் பெரிதாக்காமல், நெகட்டிவைத் தாளின்மேல் வைத்து அதே 6×6 செ.மீ. (படம் மட்டும் சுமார் 5.6 செ.மீ.) அளவில் தொடு அச்சாகப் போட்டுக் கொடுத்தார்கள். இடையில் பெரிதாக்கும் லென்ஸ் எதுவும் இல்லாததால், நெகட்டிவில் இருந்த நுணுக்கம் பெரும்பாலும் அப்படியே தாளில் இறங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது அங்கே இருக்கிறது. 600-இல் எடுத்தால் பக்கத்துக்குச் சுமார் 1320 பிக்சல்தான் கிடைக்கும், சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்க அது போதாது. ஒரு குடும்பத்தின் மிகப் பழைய முகங்கள் இருக்கும் படங்களுக்கே குறைவாகத் தருவது என்ன நியாயம்?

வெள்ளித்துகள்:
தொடு அச்சுகளைப் பொறுத்தவரை உங்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது, 1200 எடுக்கலாம். ஆயினும் அக்கேமராக்களில் இருந்தது எளிய லென்ஸ், ஆகையால் 1200-க்கு மேலே தேட ஒன்றும் இருக்காது என்றே கருதுகிறேன். நம் இருவரின் கருத்தையும் ஒதுக்கிவிட்டுப் படத்தையே கேட்டுவிடலாம். ஒரு படத்தை 1200-இல் எடுத்து, அதன் நகலை 600 அளவுக்குச் சுருக்கி, மீண்டும் 1200 அளவுக்கு விரித்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கண் இமை, புடவைக் கரை, பின்னணியில் இருக்கும் எழுத்து ஆகியவற்றில் வேறுபாடு தெரிந்தால் 1200 பயனுள்ளது. தெரியாவிட்டால் அந்த வகைப் படங்களுக்கு 600-க்கு மேல் வேண்டியதில்லை.

அச்சுக்கூடம்:
ஸ்கேனரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியின்மேல் போட்டிருக்கும் பெரிய எண் சில வேளைகளில் மென்பொருள் இடைநிரப்பிக் காட்டுவது. ஆப்டிகல் பிரிதிறன், அதாவது இடைநிரப்பாமல் ஸ்கேனரே பதிவு செய்வது, எது என்று பாருங்கள். அதையும் முழுதாக நம்ப வேண்டாம், நுண்கோடுகள் உள்ள சோதனைத் தகடு வைத்து அளந்தால் மேசை ஸ்கேனர்கள் பலவும் அறிவித்த எண்ணுக்கு வெகுவாகக் கீழேதான் நிற்கின்றன. உணரி கண்ணாடியை ஒட்டியே இருக்கும் மெலிந்த சிஐஎஸ் வகை என்றால் கண்ணாடியில் ஒட்டாமல் வளைந்து நிற்கும் பகுதி மங்கிவிடும். லென்ஸ் வழியாகப் பார்க்கும் சிசிடி வகைக்கு ஓரளவு ஆழம் உண்டு, சற்று விலகி நிற்பதும் தெளிவாக வரும். சட்டகத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படங்கள் இருந்தால் தயவுசெய்து பிரித்தெடுக்க முயலாதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே சிசிடி ஸ்கேனரில் வையுங்கள்.

நெய்தல்:
அந்தச் சோதனையை நேற்றிரவு செய்து பார்த்தேன். லேபில் போட்ட படங்கள் ஆறில் எதிலும் வேறுபாடு தெரியவில்லை; சொரசொரப்பான தாளில் இருந்த ஒன்றில் 1200 இன்னும் மோசமாக, தாளின் புள்ளிகள் மினுங்கும்படி வந்தது. சிறிய படங்கள் நான்கில் மூன்று 1200-இல் தெளிவாக வேறுபட்டன. தாத்தா ஒரு கடை வாசலில் நிற்கும் படத்தில், 600-இல் வெறும் கோடாக இருந்த பெயர்ப் பலகையில் 1200-இல் 'ஜவுளி' என்ற சொல்லைப் படிக்க முடிந்தது. அவர் துணிக்கடையில் கணக்கு எழுதியதாக அம்மா சொன்னதற்கு எங்களிடம் இதுவரை வேறு சான்று இல்லை. பெட்டியின் அடியில் பழுப்பு உறை ஒன்றில் 35 மி.மீ. நெகட்டிவ் துண்டுகளும் கிடைத்தன. அவற்றையும் 1200-இல் எடுக்கலாமா?

காப்பாளன்:
கூடாது. நெகட்டிவில் ஒரு படம் 36×24 மி.மீ. மட்டுமே, 1200-இல் 1700×1130 பிக்சல்தான் வரும், அந்த நெகட்டிவிலிருந்து போட்ட லேப் பிரிண்டை 600-இல் எடுத்தாலே அதைவிட அதிகம் கிடைக்கும். ஃபிலிமுக்கென்றே உள்ள ஸ்கேனரில் 4000 எடுப்பதே முறை.

வெள்ளித்துகள்:
ஃபிலிம் ஸ்கேனர் கிடைக்காவிட்டால், ஃபிலிமுக்கு மேல்விளக்கு உள்ள மேசை ஸ்கேனரில் 2400 போதும், அதன் லென்ஸால் அதற்குமேல் பிரித்துக் காட்ட முடியாது. எண்ணைத் தீர்மானிக்கும் முன் உறையை முகர்ந்து பாருங்கள். காடி நெடி அடித்தால் ஃபிலிமின் அடித்தளமான அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தத் துண்டுகளை வண்ணப் படங்களுக்கெல்லாம் முன்பாக, இந்த வாரமே ஸ்கேன் செய்துவிட்டு, மற்ற நெகட்டிவ்களோடு திரும்பச் சேர்க்காமல் தனி உறையில் வையுங்கள்.