தக்காளிக்கு யூரியா போட்டதும் இலை ஓரம் கருகுது. எப்போ, எவ்வளவு உரம் போடணும்?

கேட்டவர்: மாடியில் 15க்கு 15 அங்குலப் பையில் தக்காளி. செம்மண், நார்க்கழிவு, மண்புழு உரம் மூணும் சம அளவு. நாற்று நட்டு 20 நாள். அடி இலை வெளிறின மாதிரி தெரிஞ்சதால் செடிக்கு ஒரு டீஸ்பூன் யூரியா தண்டை ஒட்டிப் போட்டேன். மூணாம் நாள் இலை ஓரம் பழுப்பாகி, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குது. பிழைக்குமா? இனி என்ன போடலாம்?

பதில் 1: குருத்து பச்சையா இருந்தா பிழைக்கும். மேலே குருணை தெரிஞ்சா மேல்மண்ணோட சுரண்டி எடுத்துடுங்க. பிறகு பைக்கு 15 லிட்டர் தண்ணியை மூணு தடவையாப் பிரிச்சு, அடித்துளையில் வடியற வரைக்கும் மெதுவா ஊத்துங்க. வடிந்த தண்ணி தட்டில் தேங்கினா கொட்டிடுங்க, திரும்ப வேருக்கே ஏறும். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்). வயலில் பரவ இடம் இருக்கு, பைக்குள் இல்லை. வேர்ப்பகுதியில் உப்பு கூடினா மண் ஈரமா இருந்தும் செடியால் தண்ணி இழுக்க முடியாது, அதான் இலை ஓரம் முதலில் காயுது. கருகின இடம் இனி பச்சையாகாது. புதுசா வர இலையைப் பார்த்து முடிவு பண்ணுங்க. 15 நாள் எந்த உரமும் வேண்டாம்.

பதில் 2: உங்க கலவையிலேயே மண்புழு உரம் இருக்கு. நட்டு 20 நாளில் யூரியாவுக்கு அவசியமே இல்லை. தேறின பிறகு 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணியில் ரெண்டு நாள் ஊறவச்சு, வடிகட்டி, 10 லிட்டராக்கி, பைக்கு அரை லிட்டர். 15 நாளுக்கு ஒருமுறை போதும். புண்ணாக்கை அப்படியே மண் மேல் தூவாதீங்க, எறும்பும் பூஞ்சையும் வரும்.

மொட்டு தெரிஞ்சதும் தழைச்சத்தைக் குறைக்கணும். இல்லாட்டி செடி தளதளன்னு வளரும், பூ நிக்காது. அந்தக் கட்டத்தில் சல்பேட் ஆப் பொட்டாஷ் (சாம்பல்சத்து உரம்) லிட்டருக்கு 3 கிராம், பைக்கு அரை லிட்டர், 15 நாள் இடைவெளி. எதைக் கொடுத்தாலும் முதலில் வெறும் தண்ணி விட்டு மண்ணை நனைச்சுக்கங்க, தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி ஊத்துங்க. காய்ஞ்ச மண்ணில் கொடுக்கிறதுதான் பாதிச் செடியைக் கெடுக்குது.

பதில் 3: மஞ்சள் எங்கே ஆரம்பிக்குதுன்னு பாருங்க. அடி இலை முழுசா வெளிறினா தழைச்சத்துக் குறை. அடி இலையில் நரம்பு பச்சை, இடைப்பகுதி மஞ்சள்னா மக்னீசியம்: எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம், சாயங்காலம் தெளிக்கலாம். அதே கோலம் குருத்தில்னா இரும்பு. மண்ணை ஒட்டின ஒண்ணு ரெண்டு அடி இலை மட்டும் பழுத்தா அது வயசு, விட்டுடுங்க.

கேட்டவர்: நன்றி. காய் அடியில் கருப்பாகாம இருக்க இப்பவே முட்டை ஓடு போடலாமா?

பதில் 3: ஓடு கரைய மாசக்கணக்கு ஆகும், இந்தச் செடிக்கு உதவாது. அந்தக் கருப்பு பெரும்பாலும் ஒருநாள் காயவிட்டு மறுநாள் நிறைய ஊத்தறதால் வருது. சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) தண்ணியோடதான் காய்க்குப் போகும். தினமும் ஒரே நேரம், ஒரே அளவு தண்ணி, மேலே காய்ஞ்ச சருகு மூடாக்கு. அதுக்கும் மேல வந்தா கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 2 கிராம். பொட்டாஷோட ஒரே வாளியில் கலக்காதீங்க, அடியில் சுண்ணாம்பு மாதிரி உறைஞ்சு நிக்கும்.