லெபர்ட் கெக்கோவுக்குத் தொட்டி தயார் செய்கிறேன்: மணல், சூடு, விளக்கு பற்றிச் சந்தேகம்

மாலைநேரம்:
வணக்கம் நண்பர்களே. தெரிந்தவர் வளர்க்கும் லெபர்ட் கெக்கோ (செல்லமாக வளர்க்கும் ஒரு பல்லி வகை) ஒன்று, வளர்ந்த பெண் பல்லி, அடுத்த மாதம் எங்கள் வீட்டுக்கு வருகிறது. 60 செ.மீ. நீளக் கண்ணாடித் தொட்டி கையில் இருக்கிறது. அடியில் மணல், ஒரு பக்கம் ஹீட் மேட் (அடியில் சூடு தரும் மின் விரிப்பு), ராத்திரிக்குச் சிவப்பு பல்பு, நடுவில் ஒரு குகை என்று யோசித்து வைத்திருக்கிறேன். பாலைவனப் பிராணிதானே, மணல் போதும் என்கிறார் ஒருவர், மணலே கூடாது என்கிறார் இன்னொருவர். யுவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கு பற்றியும் ஆளுக்கொரு பேச்சு. தனியாக இருந்தால் ஏங்கிப்போகுமோ, இன்னொன்றும் சேர்த்து வாங்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

கற்குவியல்:
தொட்டியை மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். வளர்ந்த கெக்கோவுக்கு 90 x 45 x 45 செ.மீ. நல்ல அளவு. ஓடியாட இடம் வேண்டும் என்பது மட்டும் காரணமில்லை. சின்னத் தொட்டியில் ஒரு மூலையைச் சூடாக்கினால் மொத்தமும் சூடாகிவிடும், குளிர்ந்த பக்கம் என்று ஒன்றே இருக்காது. பல்லி இனம் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது, தேவைக்கேற்ப இடம் மாறி உட்கார்ந்துதான் சரிசெய்துகொள்ளும், செரிமானமும் அந்தச் சூட்டை நம்பித்தான் இருக்கிறது. அதனால் சூடான பக்கத்துக் குகையின் தரை 32 முதல் 34 டிகிரி செல்சியஸ், எதிர்ப்பக்கம் 22 முதல் 25 வரை இருக்கட்டும்.

ஹீட் மேட் என்றால் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) கட்டாயம், இதில் சமரசமே வேண்டாம். கட்டுப்பாடில்லாத மேட் வயிற்றைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். கண்ணாடியில் ஒட்டும் வட்டத் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள், அது கெக்கோ படுக்கும் தரையின் சூட்டைச் சொல்லாது. கம்பி முனை உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரை அந்தத் தரையிலேயே வைத்துப் பாருங்கள்.

அப்புறம், ஒரு குகை போதாது. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, ஈரப் பாசி போட்டு மூடிய டப்பா ஒன்று. குகை ஒரே பக்கம் இருந்தால் பயந்த கெக்கோ சூட்டையும் பொறுத்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். அந்த ஈர டப்பா தோல் உரிப்பதற்கு. இல்லாவிட்டால் விரல்களில் பழைய தோல் வளையமாக இறுகி ரத்த ஓட்டத்தைத் தடுத்து, விரலே போய்விடும்.

வரிவால்:
மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடுதான், ஆனால் நான் ஹீட் மேட்டை விட மேலிருந்து வரும் ஹாலோஜன் விளக்கையே தேர்ந்தெடுப்பேன், அதையும் டிம்மிங் தெர்மோஸ்டாட்டில் (விளக்கின் வலுவைக் கூட்டிக் குறைப்பது) மாட்டி. மேட் தொட்ட இடத்தை மட்டும்தான் சுடவைக்கும், விளக்கு கல்லையும் சுற்றியுள்ள காற்றையும் சேர்த்துச் சூடாக்கும். சிவப்பு பல்பு வேண்டவே வேண்டாம். இரவில் அதற்கு இருட்டு தேவை. சூடு 20 டிகிரி வரை இறங்கினாலும் பரவாயில்லை, அதற்கும் கீழே போகும் அறை என்றால் ஒளி தராத செராமிக் ஹீட்டர் போடுங்கள்.

மணல் விஷயம். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பகுதிகள்தான் இவற்றின் இடம். அங்கே வாழ்வது கல்லும் இறுகிய மண்ணுமான நிலத்தில், மணல்மேட்டில் இல்லை. கால்சியம் மணல் என்று விற்பதைத் தொடாதீர்கள், தின்றால் குடலை அடைக்கும். வந்த புதிதில் பேப்பர் டவல் போடுங்கள், எச்சம் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். ஆரோக்கியமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, உரம் கலக்காத மேல்மண்ணோடு கொஞ்சம் மணல் சேர்த்து அழுத்திப் பரப்பலாம். ஓடு, தட்டைக்கல் பதித்தாலும் அழகாகவே இருக்கும்.

யுவிபி இல்லாமலும் வைட்டமின் டி3 கலந்த கால்சியம் பொடி கொடுத்துப் பலர் வளர்க்கிறார்கள். இருந்தாலும் வலு குறைந்த யுவிபி குழல் விளக்கு ஒன்று போடுவது நல்லது என்பது என் கருத்து. கால்சியமும் டி3-யும் குறைந்தால் எலும்பு வளைந்துபோகும், அதைத் திருப்பவே முடியாது. அல்பினோ (நிறமி குறைந்த) வகை என்றால் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும், நிழல் கூடுதலாக இருக்கட்டும்.

மாலைநேரம்:
நன்றி, பெரிய தொட்டியே வாங்கிவிடுகிறேன். சாப்பாடு? இன்னொன்று சேர்க்கலாமா என்பதற்கும் யாராவது சொல்லுங்கள்.

கற்குவியல்:
சேர்க்காதீர்கள். இவை கூட்டத்துக்கு ஏங்கும் பிராணிகள் இல்லை. ஒட்டிப் படுத்திருப்பதைப் பாசம் என்று நினைப்போம், பல நேரம் அது நல்ல குகைக்கான போட்டி, இரண்டில் அடங்கிப்போகும் கெக்கோ இளைத்துக்கொண்டே போகும். ஆண்கள் இரண்டு என்றால் கடித்துக்கொள்வது நிச்சயம்.

உயிருள்ள பூச்சி மட்டும்தான் உணவு, பழமோ காய்கறியோ வேண்டாம். கிரிக்கெட் பூச்சி, டூபியா கரப்பான், மீல்வார்ம் புழு எல்லாம் மாற்றி மாற்றிக் கொடுங்கள். கெக்கோவின் இரு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை விடப் பெரிய பூச்சி வேண்டாம். வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். பூச்சிகளுக்கு முந்தைய நாளே நல்ல தீனி கொடுத்து, கால்சியம் பொடியில் புரட்டிப் போடுங்கள். தின்னாமல் மிஞ்சிய கிரிக்கெட்டைத் தொட்டியில் விட்டுவைக்காதீர்கள், கெக்கோவைக் கடிக்கும். தண்ணீர்க் கிண்ணம் குளிர்ந்த பக்கத்தில் எப்போதும் இருக்கட்டும்.

வரிவால்:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வருவதற்குச் சில நாள் முன்பே எல்லாவற்றையும் ஓடவிட்டு, பகலிலும் இரவிலும் சூட்டை அளந்துவிடுங்கள். வந்தபின் முதல் வாரம் கையில் எடுக்க வேண்டாம், சரியாகச் சாப்பிடாமலும் இருக்கலாம். கொழுப்பை வாலில்தான் சேர்த்து வைக்கும், அதனால் வால் தடிமனாக இருக்கும்வரை பயப்பட வேண்டியதில்லை. வால் மெலிய ஆரம்பித்தால் காத்திருக்காமல் ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் எச்சத்தோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.