குற்றவழிக் கொலையா, குற்றவழிச் சாவா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பெருங்குற்றம் ஒன்றில் ஈடுபட்டிருக்கும்போது யாரேனும் இறந்துவிட்டால், கொல்லும் எண்ணமே இல்லாதவனையும் கொலைக் குற்றவாளியாக்கும் அமெரிக்கச் சட்டவிதிக்கு (felony murder rule) நம் குழுவில் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்குக் கடலூர் நண்பர் ‘ஆதாயக் கொலை’ என்ற சொல்லை முன்வைத்திருந்தார். காவல் நிலையங்களிலும் நாளிதழ்களிலும் நன்கு புழங்கும் சொல் என்பதால் முதலில் எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் நகைக்காக ஒரு மூதாட்டியைக் கழுத்தை நெரித்துக் கொன்றால்தான் அதை ஆதாயக் கொலை என்கிறோம். அங்கே கொல்லும் எண்ணமும் இருக்கிறது, ஆதாயமும் இருக்கிறது. நாம் பெயர் தேடும் விதியோ, எண்ணத்தை மெய்ப்பிக்க வேண்டிய தேவையையே நீக்கிவிடுகிறது. தீவைப்பு, ஆள்கடத்தல் ஆகியவற்றுக்கும் அது பொருந்துவதால் ஆதாயமும் கட்டாயமில்லை.

இந்த விதியின் குணத்தைப் புரிந்துகொள்ள, 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நீதிபதி மைக்கேல் ஃபாஸ்டர் தரும் கோழி எடுத்துக்காட்டே போதும். அடுத்தவருடைய கோழியைக் குறிவைத்துச் சுட்டவனின் குண்டு தவறிப்போய் ஒரு மனிதனைக் கொன்றுவிடுகிறது. கோழியைத் திருடுவதற்காகச் சுட்டிருந்தால் அது கொலை, வெறும் விளையாட்டுக்குச் சுட்டிருந்தால் கொலையாகாத மரணம். குண்டும் ஒன்று, சாவும் ஒன்று; கோழி குழம்புக்குப் போக இருந்ததா என்பதுதான் தூக்குமேடையைத் தீர்மானித்தது. 1837இல் நமக்கான தண்டனைச் சட்ட வரைவை அளித்த மெக்காலே இந்த முறையை ஏற்கவில்லை. குற்றம் செய்யும்போது தற்செயலாகச் சாவை விளைவித்தவனைக் கொலைகாரனாகத் தண்டிப்பதால் மனித உயிருக்குக் கூடுதல் பாதுகாப்பு ஏதும் கிடைப்பதில்லை என்பது அவர் வாதம். இங்கிலாந்தே 1957இல் இதைக் கைவிட்டது. அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை இன்னும் வைத்திருக்கின்றன. கலிஃபோர்னியா 2018இல் சட்டம் இயற்றி அதன் வரம்பைக் குறுக்கியது.

நம் சட்டத்திலும் இது இருக்கிறதே என்று ஒருவர் கூட்டுக்கொள்ளைப் பிரிவைக் காட்டியிருந்தார். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 396ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 310(3), ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து கொள்ளையடிக்கும்போது அவர்களில் ஒருவர் கொலை செய்தாலும் அத்தனை பேருக்கும் மரண தண்டனை வரை விதிக்க இடமளிக்கிறது. ஒற்றுமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே அந்த ஒருவர் செய்தது சட்ட இலக்கணப்படி கொலையாகவே இருக்க வேண்டும். அதன் பழிதான் மற்றவர்மேல் பரவுகிறது. அமெரிக்க விதியில் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்குக்கூடக் கொல்லும் எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. கருக்கலைப்பில் பெண் இறந்துபோவதைப் பற்றிய பழைய 314ஆம் பிரிவுதான் இதற்கு நெருங்கிய உறவு. சாவு நேரக்கூடும் என்று குற்றவாளி அறிந்திருக்க வேண்டியதில்லை என்று அதன் விளக்கமே சொல்கிறது. இருந்தும் சட்டம் அதைக் கொலை என்று அழைக்கவில்லை.

புதுச்சேரிக்காரன் என்பதால் பிரெஞ்சுச் சட்டத்தையும் ஒரு வரி தொட்டுவிடுகிறேன். 1810ஆம் ஆண்டுத் தண்டனைத் தொகுப்பின் 304ஆம் பிரிவு, வேறொரு பெருங்குற்றத்துக்கு முன்போ பின்போ அதனுடனோ நிகழும் கொலைக்கு மரண தண்டனை விதித்தது. ஆனால் வேண்டுமென்றே கொன்றிருந்தால் மட்டுமே அங்கே அது கொலை. உடன் நிகழ்ந்த குற்றம் தண்டனையைக் கூட்டியது, எண்ணத்துக்கு ஈடாக நிற்கவில்லை. ஆகவே சென்ற வாரம் குழுவில் ஒருவர் முன்வைத்த ‘உடனிகழ் கொலை’ என்ற சொல் அந்தப் பிரெஞ்சுப் பிரிவுக்கு அழகாகப் பொருந்தும், நமக்கு வேண்டியதற்குப் பொருந்தாது.

நான் முதலில் எழுதி வைத்திருந்தது ‘குற்றவழிக் கொலை’. மகள்வழிப் பேரன் என்று சொல்லும்போது எந்த மரபில் வந்தவன் என்பதை ‘வழி’ எப்படிக் காட்டுகிறதோ, அப்படியே இங்கும் எந்தக் குற்றத்திலிருந்து அந்தச் சாவு வந்தது என்பதைக் காட்டும் என்று நினைத்தேன். கடலூர் சாலை நீதிமன்ற வளாகத்துக்கு அருகில் ஒரு தட்டச்சுக் கடையில் இந்தக் குறிப்பை அடிக்கக் கொடுத்திருந்தேன். கொள்ளையனின் துப்பாக்கியைக் கண்ட அதிர்ச்சியில் கடைக்காரர் மாரடைப்பால் இறந்துபோகும் எடுத்துக்காட்டுக்கு வந்ததும், அடித்துக்கொண்டிருந்த அம்மா விரலை எடுத்துவிட்டு, “சார், நெஞ்சு வலியில போனவரைக் கொலைன்னு அடிக்கச் சொல்றீங்களே, கொன்னது யாரு?” என்று கேட்டார். ‘சாவு’ என்றா இருக்க வேண்டும், கையெழுத்து புரியவில்லையா என்பதுதான் அவருடைய ஐயம். எனக்கோ சொல்லின் ஓட்டை அங்கேதான் தெரிந்தது. தமிழில் கொலை என்றாலே கொன்றவன் ஒருவன் இருந்தாக வேண்டும். சாவுக்கு அது தேவையில்லை. இந்த விதி செய்வதெல்லாம் ஒரு சாவை எடுத்துக் கொலைப்பழியாக ஒருவன்மேல் ஏற்றுவதுதான்.

ஆகவே ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைக்காமல் இரண்டாகப் பிரிக்கலாம் என்பது என் முன்மொழிவு. நிகழ்ந்ததைக் குறிக்க ‘குற்றவழிச் சாவு’. அதற்காகச் சட்டம் சுமத்தும் பொறுப்பைக் குறிக்க ‘ஏற்றுக்கொலைப் பொறுப்பு’. பின்னதில் வரும் ‘ஏற்று’ என்பதை ‘ஏற்றுக்கொள்’ என்று யாரேனும் படித்துவிடுவார்களோ என்ற அச்சம் எனக்கும் இருக்கிறது. அப்படித் தோன்றினால் ‘ஏற்றிய கொலைப்பழி’ என்று விரித்தே எழுதலாம், சற்று நீளம் என்பதைத் தவிரக் குறையில்லை. ‘குற்றவழி’ என்பது தீய வழி என்று பொருள்படாதா என்று கேட்பவருக்கு: குற்றவழி வருவாய் என்று எழுதினால் குற்றத்தின் மூலம் வந்த பணம் என்றுதானே படிக்கிறோம்?

ஒன்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தப்பி ஓடும் கொள்ளையரை நோக்கிக் காவலர் சுட்ட குண்டு வழிப்போக்கரைக் கொன்றால், சில அமெரிக்க மாநிலங்கள் அந்தச் சாவையும் கொள்ளையர்மேல் ஏற்றுகின்றன. வேறு சில, கொள்ளையரோ கூட்டாளியோ விளைவித்த சாவை மட்டுமே ஏற்றுகின்றன. முதல் கொள்கைக்குக் ‘காரணவழி’, இரண்டாவதற்குக் ‘கூட்டாளிவழி’ என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். இரண்டாவதில் தலைமைக் குற்றவாளி விடுபட்டுப் போவதுபோல் ஒலிக்கிறது. மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து