அன்னபூர்ணாச் சுற்றுப்பாதையில் ஒரு நாள் எப்படிக் கழியும்?

கேள்வி: வெள்ளவத்தைவாசி

அனைவருக்கும் வணக்கம். வருகின்ற செப்டெம்பர் கடைசி வாரத்தில் தம்பியும் நானும் நேபாளத்துக்குச் சென்று, அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றிச் செல்லும் பாதையில் ஏறத்தாழப் பன்னிரண்டு நாள் நடந்து, தொரொங் லா கணவாயைக் கடந்து முக்திநாத்தை அடைவதென்று தீர்மானித்திருக்கிறோம். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் அதுதான் என்று அம்மா எங்கள் சிறுவயதிலிருந்தே சொல்லிவந்தார். ஜொம்சொம் வரை விமானத்திலும் அங்கிருந்து ஜீப்பிலும் போய்விடலாம் என்பது தெரியும். நடந்தே போய்ச் சேரவேண்டும் என்பது என் பிடிவாதம்.

சிவனொளிபாதமலைக்கு மூன்று தடவை ஏறியிருக்கிறேன். ஆனால் அது ஓரிரவு வேலை. சூரிய உதயத்தைப் பார்த்துவிட்டு இறங்கி, முழங்காலுக்குச் சித்தாலேப பூசி, அடுத்த இரண்டு நாளும் வீட்டில் படியிறங்குவதற்கே முனகலாம். மறுநாளும் அதற்கு மறுநாளும் நடக்கவேண்டியவர் எப்படிச் சாப்பிடுகிறார், எங்கே கழுவுகிறார், எத்தனை மணிக்கு உறங்குகிறார் என்பதை எவருமே எழுதக் காணோம். பார்த்த காணொளிகளிலெல்லாம் சிகரங்கள் இருக்கின்றன. ஈரக் காலுறையை எங்கே காயப்போடுவது என்பது ஒன்றிலும் இல்லை. போய்வந்தவர்கள் ஒரு சாதாரண நாளைச் சொல்லித் தருவீர்களா?

மறுமொழி: கொட்டாஞ்சேனை நடையன்

தங்கச்சி, நான் ஐம்பத்திரண்டாவது வயதில், ஓர் ஒக்டோபர் மாதத்தில் இதே பாதையில் நடந்தவன். காலுறைக்கான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன்: சட்டையூசியால் முதுகுப்பையின் வெளிப்புறத்தில் குத்திக்கொண்டு நடக்கவேண்டும். அங்கே எல்லோருடைய பையிலும் காலுறை தொங்கும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாள் அதிகாலை ஐந்தரைக்குத் தொடங்கும். நீங்கள் விழிக்காவிட்டாலும் பலகைச் சுவருக்கு அப்பால் படுத்திருப்பவரின் இருமல் எழுப்பிவிடும். அறையில் இரண்டு கட்டில்களும் கனத்த போர்வைகளும் மட்டுமே இருக்கும். கணவாய்க்கு முன்னுள்ள மனாங் என்னும் ஊருக்கு மேலே விடியற்காலையில் குழாய்நீர் உறைந்துவிடுவதுண்டு என்பதால், முதல்நாள் மாலையே போத்தலில் நீர் நிரப்பிப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியையும் மின்கலங்களையும் அப்படியே உடம்போடு அணைத்துப் படுக்கவேண்டும். குளிரில் அவை தாமாகவே சோர்ந்துவிடும்.

ஏழு மணிக்குள் நடக்கத் தொடங்கி, பகல் ஒன்று இரண்டு மணிக்குள் அடுத்த தங்குமிடத்தைச் சேர்ந்துவிடுவதே வழமை. பிற்பகலில் முகில் கட்டும். கணவாய்க்கு அப்பால் காளி கண்டகிப் பள்ளத்தாக்கிலோ முற்பகல் பாதி கழிந்ததுமே காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே நடை காலையோடு முடிந்துவிடும், குடித்தனம் பிற்பகலில்தான் தொடங்கும். துவைப்பதும் குளிப்பதும் மூன்று மணிக்கு முன் ஆகிவிடவேண்டும், ஏனென்றால் சூரியன் மலைக்குப் பின்னால் சாய்ந்த மறுகணமே, யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல் குளிர் உள்ளே வந்துவிடும். நான் மனாங்கில் தலை முழுகியபின் முக்திநாத் வரை குளிக்கவேயில்லை. மாலையில் உணவறையின் அடுப்பை மூட்டுவார்கள். அதைச் சுற்றி உட்கார்ந்து பேசிவிட்டு எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவோம். தங்கிய இடத்திலேயே இரவும் காலையும் சாப்பிடவேண்டும் என்பது எழுதாத விதி. அறை வாடகை மலிவாக இருப்பது அதனால்தான்.

உங்கள் பன்னிரண்டு நாள் கணக்கைத் தம்பியோடு இருந்து மறுபடி பாருங்கள். நாம் கடல்மட்டத்தில் வாழ்கிறவர்கள். பிதுருதலாகலையின் 2,524 மீற்றரை இரண்டால் பெருக்கினாலும் தொரொங் லாவின் 5,416 மீற்றர் வராது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் காலிமுகத்திடலில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான். 3,000 மீற்றருக்கு மேல் சென்றபின், உறங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்கவேண்டும் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. எனவே 3,540 மீற்றரில் உள்ள மனாங்கில் இரண்டு இரவுகள் கட்டாயம். இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் நடைபருவத்தில் அங்கே இயங்கும். பிற்பகலில் உயர நோயைப் பற்றிச் சொல்லித்தருவார்கள், தவறவிடாதீர்கள். மேல் பிசாங்கிலிருந்து மனாங்குக்கு ஜீப் வீதியால் போகாமல், கியாரு, ஙவல் என்னும் ஊர்கள் வழியான மேல்பாதையில் செல்லுங்கள். கியாருவுக்கு ஏறும்போது என்னைத் திட்டுவீர்கள், ஆனாலும் உடம்பு உயரத்துக்குப் பழகிக்கொள்ளும்.

மறுமொழி: தெஹிவளை வானிலைப்பிரியன்

நடையன் அண்ணர் சொன்னவற்றோடு உடன்படுகிறேன். எனக்குப் பொருந்தாதது உங்கள் திகதி ஒன்றுதான். நேபாளத்தில் பருவமழை ஓய்வது செப்டெம்பர் இறுதியிலோ ஒக்டோபர் தொடக்கத்திலோதான். ஒரு வாரம் முந்திப் போனால் தாழ்ந்த பகுதிகளில் சேறும் அட்டையும் உங்களை வரவேற்கும். சிங்கராஜவுக்குப் போய்வந்தவர்களுக்கு அது பெரிய காரியமில்லை என்றாலும், மழையில் ஊறிய சரிவுகள் வீதியோடு பெயர்ந்து விழுவது அப்படியன்று. நேபாளத்தின் பெரும் பண்டிகையான தசைனும் இந்த நாள்களை ஒட்டியே வரும். ஊருக்குத் திரும்பும் மக்களால் பேருந்துகள் நிரம்பி வழியும், நம் சித்திரைப் புத்தாண்டுக்கு முதல்நாள் புறக்கோட்டை இருப்பதைப்போல. பயணச்சீட்டை முன்கூட்டியே எடுங்கள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2014 ஒக்டோபர் 12ஆம் திகதி விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் சூறாவளியின் மிச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டு நாளில் இந்தக் கணவாயின்மீது பெரும் பனிப்பொழிவாகக் கொட்டியது. அந்தப் புயலில் நேபாள மலைகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் வங்காள விரிகுடாதான் அங்கேயும் போய் நிற்கிறது. ஆகவே கணவாயைக் கடப்பதற்கு முந்திய நான்கைந்து நாளும் உள்ளூர் வானத்தை மட்டும் பார்த்திராமல், விரிகுடாவில் தாழமுக்கம் ஏதும் உருவாகிறதா என்று கேட்டறியுங்கள். அவசரம் வந்தால் காத்திருப்பதற்காக இரண்டு நாளை வெறுமையாக விட்டுவையுங்கள்.

2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் வழிகாட்டி ஒருவருடன்தான் நடக்கவேண்டும் என்ற விதி இருக்கிறது. சார்க் நாட்டவர் என்பதால் அன்னபூர்ணாப் பாதுகாப்புப் பகுதிக்கான நுழைவுக் கட்டணம் நமக்குக் குறைவு. கடவுச்சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

மறுமொழி: பம்பலப்பிட்டி அக்கா

ஆண்கள் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன், தங்கை. உயரத்தில் மாதவிடாய் நாள் முந்தியும் பிந்தியும் வரக்கூடும், எனவே கணக்கை நம்பாமல் தேவையானவற்றை இங்கிருந்தே கொண்டுபோங்கள். பயன்படுத்தியவற்றைக் கழிப்பறைக் குழியில் போடாமல், தடித்த பையில் முடிந்து கீழே கொண்டுவரவேண்டும். மேலே பெரும்பாலும் குந்தியிருக்கும் கழிப்பறைகள்தான், அதில் நமக்குக் குறையில்லை. ஆனால் பல இடங்களில் அவை கட்டடத்துக்கு வெளியே இருக்கும். இரவில் வாசலில் சிந்திய நீர் உறைந்து வழுக்கும். நெற்றி விளக்கு இல்லாமல் போகாதீர்கள்.

உயர நோய்க்கென்று அசெட்டசோலமைட் எடுக்க எண்ணினால், முதலில் இங்கே உங்கள் வைத்தியரிடம் பேசுங்கள், குறிப்பாக சல்பா மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவராக இருந்தால். அது சிறுநீரைக் கூட்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மனாங்குக்கு மேலுள்ள யாக் கார்க்காவில் ஓரிரவு நான்கு தடவை எழுந்தேன். நான்காவது தடவை முகில் முழுவதும் விலகி, தலைக்குமேல் விண்மீன்கள் கொட்டிக் கிடந்தன. பார்க்கப் பொறுமையில்லாமல் உள்ளே ஓடிவிட்டேன், பல் அப்படி அடித்தது.

தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் நீங்களோ தம்பியோ வீரம் காட்டாமல் அன்றே இறங்கிவிடுங்கள். முக்திநாத்துக்கு மறுபக்கத்திலிருந்தும் வழி இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கேள்வி கேட்டவர்: வெள்ளவத்தைவாசி

மூவருக்கும் மிக்க நன்றி. பயணத்தை ஒக்டோபர் 5ஆம் திகதிக்கு மாற்றி, நாள்களைப் பதினாறாகக் கூட்டியிருக்கிறோம்; தம்பி அலுவலக விடுமுறைக்காகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். இன்னும் இரண்டு சந்தேகங்கள். நான் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவள். நாள் முழுவதும் நடப்பதற்கு அது போதுமா? கடற்கரையோரம் நடந்தால் முழங்கால் பழகுமா?

மறுமொழி: கொட்டாஞ்சேனை நடையன்

சாப்பாட்டைப் பற்றி உங்களுக்குக் கவலையே வேண்டாம். சோறும் பருப்பும் மரக்கறியும் சேர்ந்த தால் பாத்தைத்தான் அங்கே எல்லோரும் இரு வேளையும் உண்கிறார்கள், கேட்கக் கேட்கப் போடுவார்கள். உயரம் கூடக்கூட நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் பிரஷர் குக்கர் இல்லாமல் மேலே அரிசி எளிதில் வேகாது. பிந்தி வந்து கேட்டால் அடுப்படியில் கோபப்படுவார்கள். வந்து சேர்ந்தவுடனேயே இரவுச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.

கடற்கரை நடை மூச்சுக்கு நல்லது, முழங்காலுக்குப் பயனில்லை. கணவாயிலிருந்து முக்திநாத்துக்கு ஒரே நாளில் ஏறத்தாழ 1,600 மீற்றர் இறங்கவேண்டும். உங்கள் தொடர்மாடியில் மின்தூக்கியை மறந்துவிட்டு, பையில் ஏழெட்டுக் கிலோ வைத்து, ஏறுவதைவிட இறங்குவதை மெதுவாகப் பழகுங்கள். ஊன்றுகோல் இரண்டும் வேண்டும், ஒன்று போதாது.

ஐந்தாம் நாள் தால் பாத் அலுக்கும்போது நம் நாக்கு உறைப்புக்கு ஏங்கும். மாசி போடாத கட்டைச் சம்பல் கொண்டுபோங்கள், ஆனால் மூடி இறுகிய போத்தலில். என்னுடையது மனாங்குக்குக் கீழேயுள்ள சாமே வரும்முன்னே திறந்துகொண்டு உடுப்பெல்லாம் ஊறியதில், முக்திநாத்தின் 108 நீர்த்தாரைகளின் கீழும் நான் மிளகாய் வாசத்தோடுதான் நின்றேன்.